அரசருக்கு அமைச்சர் இல்லாத நாள் உண்டா? காபந்து அரசு: ஓர் எளிய விளக்கம்

1945 மே 23, புதன்கிழமை. நண்பகலில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் சென்ற பிரிட்டன் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில், மன்னர் ஆறாம் ஜார்ஜிடம் தம் பதவி விலகலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மாலை நான்கு மணிக்கு மன்னர் அவரையே மீண்டும் அழைத்து, புதிய அரசை அமைக்குமாறு கேட்டுக்கொண்டார். போன மனிதரும் வந்த மனிதரும் ஒருவரே என்றாலும், நண்பகலில் முடிந்த அரசு வேறு, மாலையில் பிறந்த அரசு வேறு. முதலாவது, ஐந்தாண்டுகள் போரை நடத்திய அனைத்துக் கட்சிக் கூட்டணி அரசு. இரண்டாவது, தேர்தல் முடியும் வரை பொறுப்பைப் பார்த்துக்கொள்வதற்காக அமைந்து, 64 நாள்களில் முடிந்துபோன காபந்து அரசு.

இடைப்பட்ட நான்கு மணி நேரம் தற்செயலானது அன்று. தமக்கு அடுத்து யாரை அழைப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை மன்னருடையது என்பது ஊரறியத் தெரியவேண்டும் என்று சர்ச்சில் கருதினார். அதனால்தான் இரண்டு முறை போய்வந்தார். உண்மையில் மன்னருக்கு வேறு வழி இருக்கவில்லை. 1935இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கீழவையில் சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பெரும்பான்மை அப்படியே இருந்தது. ஆனாலும் இந்தச் சிறு சடங்கில் முடியாட்சி நாடொன்றில் காபந்து அரசு ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கான விடை அடங்கியிருக்கிறது.

காபந்து என்றால் பாதுகாப்பு, காவல். ஒன்றைக் கெடாமல் பார்த்து உரியவரிடம் ஒப்படைக்கும் வரை வைத்திருப்பதே அந்தச் சொல்லின் உயிர். நம் கோயில்களில் அறங்காவலர் குழு இல்லாத காலத்தில் தக்கார் என்று ஒருவரை நியமிப்பார்கள் அல்லவா, அவரை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். நித்திய பூசை நிற்கக்கூடாது, விளக்கு அணையக்கூடாது, பணியாளர் சம்பளம் தவறக்கூடாது. அதே வேளையில் கோயிலின் போக்கையே மாற்றும் பெரிய முடிவுகளை அடுத்து வரும் குழுவுக்கு விட்டுவைப்பதே முறை என்று ஊர் எதிர்பார்க்கும். சட்டப்படி தக்காரின் கையில் அதிகாரம் இருக்கிறது. அதை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதில்தான் கட்டுப்பாடு. காபந்து அரசின் நிலையும் இதுதான்.

முடியாட்சியில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட முடியாட்சியில் ஆணைகள் அரசர் பெயரில் வெளிவந்தாலும், அவர் தம் விருப்பப்படி எதையும் செய்வதில்லை; அமைச்சரின் ஆலோசனைப்படியே செய்கிறார். தவறு நேர்ந்தால் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லவேண்டியவர் அமைச்சர், அரசர் அல்லர். எனவே அமைச்சர்களே இல்லாத ஒரு நாள் வந்தால், அரசர் இடும் கையெழுத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போகும். அன்று அவர் ஒன்று எதையும் செய்யாமல் இருக்கவேண்டும், அல்லது தாமே ஆளவேண்டும். இரண்டுமே ஆபத்தானவை. ஆகவேதான் தோற்ற அரசானாலும் விலகிய அரசானாலும் அடுத்தவர் வரும் வரை இருக்கையை விட்டு எழக்கூடாது என்ற மரபு உருவாயிற்று. சர்ச்சில் விலகியிருந்த அந்த நான்கு மணி நேரத்தில்கூட மற்ற அமைச்சர்கள் தத்தம் துறைகளின் பொறுப்பில்தான் இருந்தார்கள். குடியரசாகிவிட்ட இந்தியாவும் இந்த மரபைக் கைவிடவில்லை. மக்களவை கலைக்கப்பட்ட பின்னரும் குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்ல அமைச்சரவை இருந்தே ஆகவேண்டும் என்று 1971இல் யு.என்.ஆர். ராவ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காபந்து அரசு என்று பொதுவாகச் சொன்னாலும் அது பல வழிகளில் பிறக்கும். பெரும்பாலும் தேர்தலுக்காக அவை கலைந்ததும் ஏற்கெனவே இருந்த அரசே காபந்து அரசாகிவிடுகிறது. ஆள் மாறாமல் நிலை மட்டும் மாறும். சில வேளைகளில் பிரதமர் இறந்துவிட, ஆளுங்கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வரை ஒருவர் இடத்தை நிரப்புவார். ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டின் 1945 ஜூலை 5 அன்று காலமானபோது துணைப் பிரதமர் ஃபிராங்க் ஃபோர்டு இப்படித்தான் ஒரு வாரம் மட்டும் பிரதமராக இருந்தார். இவற்றிலிருந்து வேறுபட்டது மூன்றாவது வகை: தேர்தலை நடத்தி முடிப்பதற்கென்றே புதிதாக அமைக்கப்படும் அரசு. சர்ச்சிலின் 1945 அரசு இந்த மூன்றாவது வகை.

அது உருவான கதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 1940 மே 10 அன்று சர்ச்சில் பிரதமரானபோது தொழிற்கட்சியையும் லிபரல் கட்சியையும் சேர்த்துக்கொண்டு கூட்டணி அரசை அமைத்தார். தொழிற்கட்சித் தலைவர் கிளமென்ட் அட்லி பின்னர் துணைப் பிரதமரானார். சட்டப்படி ஐந்தாண்டு ஆயுள் கொண்ட நாடாளுமன்றத்தின் காலத்தைப் போரைக் காரணம் காட்டி ஆண்டுதோறும் சட்டம் இயற்றி நீட்டித்துக்கொண்டே போனதால், 1935இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை பத்து ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தது. 1945 மே 8 அன்று ஐரோப்பாவில் போர் முடிந்தது. ஜப்பானுடனான போர் முடியவில்லை. அதுவும் முடியும் வரை கூட்டணி தொடரட்டும் என்று மே 18 அன்று சர்ச்சில் அட்லிக்கு எழுதினார். பிளாக்பூல் நகரில் மாநாட்டுக்காகக் கூடியிருந்த தொழிற்கட்சி அதை ஏற்கவில்லை. இலையுதிர்காலம் வரை பொறுத்துத் தேர்தல் நடத்தலாம் என்பது அவர்கள் நிலை. நடத்துவதானால் உடனே நடத்துவோம் என்பது சர்ச்சிலின் நிலை. நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் நீட்டிக்க மக்கள் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றும் ஒரு யோசனை எழுந்தது. நாட்சிகளும் பாசிஸ்டுகளும் கையாண்ட கருவி அது என்று சொல்லி அட்லி மறுத்துவிட்டார்.

கூட்டணி முறிந்ததும் தொழிற்கட்சி அமைச்சர்களின் இடங்களை மட்டும் நிரப்பிக்கொண்டு சர்ச்சில் பழைய அரசைத் தொடர்ந்திருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் மூன்று கட்சிகளின் இசைவின் மேல் அமைந்த அரசு அந்த இசைவு போனதும் வேறு அரசாகிவிடுகிறது என்பதால், முழுமையாக விலகிப் புதிதாக நியமனம் பெறுவதே நேர்மையான வழியாக இருந்தது. புதிய அரசு தன்னைத் தேசிய அரசு என்றே அழைத்துக்கொண்டது. கன்சர்வேட்டிவ் கட்சியினரோடு தேசிய லிபரல்களும் கட்சி சாராத சிலரும் அதில் இருந்தார்கள். நிதியமைச்சர் ஜான் ஆண்டர்சனே எந்தக் கட்சியையும் சேராதவர். ஆயினும் மக்கள் வாயிலும் வரலாற்றிலும் நிலைத்தது காபந்து அரசு என்ற பெயர்தான்.

ஜூன் 15 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. காபந்து அரசு புதிதாக எதையும் செய்யாது என்று பாடநூல்களில் படித்தவர்களுக்கு அன்றைய தினத்தில் ஒரு வியப்பு காத்திருக்கிறது: குடும்ப உதவித்தொகைச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்ததும் அதே நாளில்தான். இரண்டாவது குழந்தை தொடங்கி ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் ஐந்து ஷில்லிங் தரும் இந்தச் சட்டம் சமூகநல வரலாற்றில் சிறிய அடி அன்று. இதில் மரபு மீறல் இல்லை என்பதே என் எண்ணம். மசோதா கூட்டணி அரசின் காலத்திலேயே எல்லாக் கட்சிகளின் ஆதரவோடு வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன் போன்றோர் அதற்காகப் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். எதிர்க்கட்சியும் வேண்டும் என்று நினைத்த ஒன்றைத்தான் காபந்து அரசு நிறைவேற்றிக் கொடுத்தது. ஒரு செயல் பெரியதா சிறியதா என்பதைவிட, அதில் கட்சிகளுக்கிடையே கருத்து மோதல் இருக்கிறதா என்பதே இங்கே பார்க்கவேண்டியது.

இந்தியாவைத் தொட்ட ஒரு முடிவும் இதே காலத்தைச் சேர்ந்தது. வைசிராய் வேவல், தம்மையும் படைத்தலைவரையும் தவிர மற்ற அனைவரும் இந்தியராக இருக்கும் நிர்வாக அவையை அமைக்கலாம் என்ற திட்டத்தை ஜூன் 14 அன்று வானொலியில் அறிவித்தார். அதே நாளில் இந்தியாவுக்கான அமைச்சர் லியோ ஏமரி லண்டனில் நாடாளுமன்றத்தில் அதை வெளியிட்டார். மறுநாள் காங்கிரஸ் செயற்குழுவினர் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஜூன் 25 அன்று சிம்லாவில் கூடிய மாநாட்டில் சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் (இன்று முதலமைச்சர் என்கிறோம்) என்ற முறையில் ராஜாஜியும் கலந்துகொண்டார். நிர்வாக அவையின் முஸ்லிம் உறுப்பினர்கள் அனைவரையும் முஸ்லிம் லீகே நியமிக்கும் என்று ஜின்னா உறுதியாக நின்றதால் ஜூலை 14 அன்று மாநாடு தோல்வியில் முடிந்தது. சிம்லாவில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டனில் வாக்குப்பதிவும் நடந்தது. பேச்சு வெற்றி பெற்றிருந்தால், இரண்டு வாரத்தில் பதவி இழக்கப்போகும் ஓர் அரசின் வாக்குறுதியின் மேல்தான் இந்தியாவின் இடைக்கால ஆட்சி எழுந்திருக்கும். ஏமரியோ அமைச்சர் பதவியை மட்டுமல்ல, அந்தத் தேர்தலில் தம் தொகுதியையும் இழந்தார்.

வாக்குப்பதிவு ஜூலை 5 அன்று நடந்தாலும், உள்ளூர் விடுமுறைகளின் காரணமாகச் சில தொகுதிகளில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ தள்ளி நடந்தது. அதைவிட முக்கியமானது, பல நாடுகளில் பணியிலிருந்த படைவீரர்களின் வாக்குகள் கப்பலிலும் விமானத்திலும் வந்து சேரவேண்டியிருந்தது. எனவே வாக்குப்பெட்டிகளுக்கு முத்திரையிட்டு மூன்று வாரம் காவலில் வைத்து ஜூலை 26 அன்றுதான் எண்ணினார்கள். அந்த மூன்று வாரமும் காபந்து என்ற சொல்லுக்கு இலக்கணம் எனலாம். மக்கள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். அது என்னவென்று அரசுக்கும் தெரியாது, எதிர்க்கட்சிக்கும் தெரியாது. ஆட்சியில் இருப்பவர் ஏற்கெனவே தோற்றவராக இருக்கலாம். அவர் கையெழுத்து இன்னும் செல்லும்.

ஆனால் உலகம் காத்திருக்கவில்லை. 1943இல் கியூபெக் நகரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அணுகுண்டைப் பயன்படுத்த அமெரிக்காவும் பிரிட்டனும் ஒன்றன் ஒப்புதலை மற்றொன்று பெறவேண்டும். ஜப்பான் மீது குண்டை வீசுவதற்குப் பிரிட்டனின் ஒப்புதல் வாஷிங்டனில் பதிவானது 1945 ஜூலை 4 அன்று, அதாவது வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள். வாரம் ஐந்து ஷில்லிங் உதவித்தொகை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. இது எங்கும் விவாதிக்கப்படவில்லை, விவாதிக்க நாடாளுமன்றமும் அப்போது இல்லை. போர்க்கால அமைச்சரவையில் ஐந்தாண்டுகள் இருந்த அட்லிக்குக்கூடக் குண்டைப் பற்றி முழு விவரங்கள் சொல்லப்பட்டிருக்கவில்லை. இரகசியம் காபந்து அரசின் கட்டுப்பாட்டை எவ்வளவு எளிதாகத் தாண்டிவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை.

வெளிப்படையாக நடந்தவற்றில் சர்ச்சில் முறையைக் காத்தார். ஜூலை 17 அன்று ஜெர்மனியில் தொடங்கிய, நேச நாட்டுத் தலைவர்களின் போட்ஸ்டாம் மாநாட்டுக்கு எதிர்க்கட்சித் தலைவரான அட்லியையும் உடன் அழைத்துச் சென்றார். யார் வென்றாலும் பிரிட்டனின் பேச்சு தொடரவேண்டும் என்பதே நோக்கம். அட்லி வெறும் பார்வையாளராகத்தான் போகவேண்டும் என்று அவர் கட்சியின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஹெரால்டு லாஸ்கி அறிக்கை விட்டது தேர்தல் களத்தில் பெரிய சர்ச்சையாயிற்று. வாக்கு எண்ணிக்கைக்காக மாநாட்டை விட்டு ஜூலை 25 அன்று நாடு திரும்பிய சர்ச்சிலுக்கு மறுநாள் முடிவு தெரிந்தது. தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். ஜப்பானைச் சரணடையச் சொல்லும் போட்ஸ்டாம் அறிவிப்பு வெளியானதும் அதே ஜூலை 26தான்; பிரிட்டன் சார்பில் அதற்கு ஒப்புதல் அளித்தவர் அன்று மாலையே பதவி இழந்த சர்ச்சில்.

அவர் அன்றே விலகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. புதிய நாடாளுமன்றம் கூடி வாக்கெடுப்பில் தோற்கும் வரை அமர்ந்திருக்கலாம்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதுவே வழக்கமாகவும் இருந்தது. 1868இல் அன்றைய பிரதமர் டிஸ்ரேலி தேர்தல் முடிவு தெரிந்ததுமே விலகி வேறொரு வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். சர்ச்சிலும் அவ்வாறே அன்று மாலை அரண்மனைக்குச் சென்று விலகினார். சிறிது நேரத்தில், மனைவி ஓட்டிவந்த சிறிய காரில் அட்லி அரண்மனைக்குள் நுழைந்தார். இரண்டு நாள் கழித்துப் போட்ஸ்டாமில் பிரிட்டனின் இருக்கையில் அவர் அமர்ந்தார்.

இவ்வளவையும் பார்த்தால், காபந்து அரசைக் கட்டுப்படுத்துவது சட்டம் அன்று, மரபு என்பது தெளிவாகும். புதிய கொள்கை வேண்டாம், பெரிய நியமனங்கள் வேண்டாம், அடுத்த அரசின் கையைக் கட்டும் ஒப்பந்தங்கள் வேண்டாம் என்று அந்த மரபு சொல்கிறது. ஆனால் சும்மா இருப்பதும் கேடாக முடியும் தருணங்கள் உண்டு. பிரிட்டிஷ் அரசியே தங்கள் அரசியாகவும் இருந்த நியூசிலாந்தில் 1984 ஜூலை 14 அன்று நடந்த தேர்தலில் பிரதமர் ராபர்ட் மல்டூன் தோற்றார். முடிவுகள் முறைப்படி உறுதியாகிப் புதிய அரசு பதவியேற்க நாள்கள் பிடிக்கும். நாணயச் சந்தையோ காத்திருக்கத் தயாராக இல்லை. நாணய மதிப்பு குறைக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில் அந்நியச் செலாவணி வெளியேறிக்கொண்டிருந்ததால் மத்திய வங்கி அந்நியச் செலாவணிச் சந்தையை மூடியது. வென்றவரான டேவிட் லாங்கி மதிப்பை 20 விழுக்காடு குறைக்கச் சொன்னார். தோற்றவரான மல்டூன் முடியாது என்றார். சட்டப்படி அதிகாரம் இன்னும் மல்டூனிடம்தான். அவருடைய சொந்த அமைச்சர்களே நெருக்கிய பின் ஜூலை 18 அன்று அவர் பணிந்தார். பதவி விலகும் அரசு, தள்ளிப்போட முடியாத முக்கிய விவகாரங்களில் வரப்போகும் அரசின் ஆலோசனைப்படியே நடக்கவேண்டும் என்ற மரபு அந்த நான்கு நாள் இழுபறியில்தான் நியூசிலாந்தில் தெளிவாக வகுத்துச் சொல்லப்பட்டது.

இதுவரை பார்த்தது அமைச்சர்களின் பக்கம். அரசரின் பக்கத்திலும் தவறு நேரலாம், ஏனெனில் காபந்து அரசை நியமிக்கும் நேரம்தான் சம்பிரதாயத் தலைவராக இருக்கும் அரசரின் கையில் மெய்யான அதிகாரம் வந்து விழும் நேரம். 1920இல் டென்மார்க் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன், எல்லைப் பகுதியில் நடந்த வாக்கெடுப்பில் ஜெர்மனியோடு இருக்கவே விரும்பிய ஃபிளென்ஸ்பர்க் நகரைத் தம் நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று விரும்பினார். பிரதமர் சாலே இசையாததால் அவரது அரசை நீக்கிவிட்டு, நாடாளுமன்றத்தின் ஆதரவு இல்லாத ஓட்டோ லீபே என்ற வழக்கறிஞரை மார்ச் 30 அன்று பிரதமராக்கினார். பொது வேலைநிறுத்த அச்சுறுத்தல் எழுந்தது. முடியாட்சியே போய்விடுமோ என்ற நிலை வந்தது. ஒரு வாரத்துக்குள் லீபே விலகினார். கட்சிகளின் இசைவோடு, தேர்தலை நடத்துவதற்காக மட்டும் ஃப்ரீஸ் என்பவர் தலைமையில் இன்னொரு காபந்து அரசு அமைந்து ஒரு மாதம் நீடித்தது. அடுத்தடுத்து வந்த இரண்டுமே குறுகிய காலம் வாழ்ந்த அரசுகள்தான். முதலாவதை நியமித்தது மன்னரின் விருப்பம், இரண்டாவதை நியமித்தது எல்லோரின் சம்மதம். அதனால்தான் ஒன்று நெருக்கடியை உண்டாக்க, மற்றொன்று அதை ஆற்றியது.

ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11 அன்று நடந்தது இதைவிடச் சிக்கலானது. மேலவையில் பெரும்பான்மை வைத்திருந்த எதிர்க்கட்சி, அக்டோபர் நடுவிலிருந்து அரசின் செலவுகளுக்கான பண மசோதாக்களை நிறைவேற்றவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது. அரசியின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் ஜான் கெர், கீழவையில் பெரும்பான்மை பெற்றிருந்த பிரதமர் கஃப் விட்லமைப் பதவி நீக்கி, எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசரைக் காபந்துப் பிரதமராக நியமித்தார். நியமனத்தோடு நிபந்தனைகளும் வந்தன: பண மசோதாக்களை நிறைவேற்றித் தரவேண்டும், இரு அவைகளையும் கலைக்க ஆலோசனை சொல்லவேண்டும், தேர்தல் வரை கொள்கை மாற்றமோ புதிய நியமனமோ பதவி நீக்கமோ கூடாது, முந்தைய அரசின் செயல்கள் மீது விசாரணை தொடங்கக்கூடாது. பிரிட்டனில் 1945இல் சொல்லாமல் புரிந்துகொள்ளப்பட்டவை இங்கே வெளிப்படையான நிபந்தனைகளாக முன்வைக்கப்பட்டன.

பண மசோதாக்கள் அன்று பிற்பகலே மேலவையில் நிறைவேறின. கீழவையோ ஃபிரேசர் மீது நம்பிக்கையில்லை என்று 64க்கு 54 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. அதை எடுத்துக்கொண்டு தலைமை ஆளுநரைப் பார்க்கச் சென்ற அவைத்தலைவர் கார்டன் ஸ்கோல்ஸுக்கு 4.45 மணிக்குத்தான் நேரம் ஒதுக்கப்பட்டது. அதே நேரத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தலைமை ஆளுநரின் செயலாளர் இரு அவைகளையும் கலைக்கும் பிரகடனத்தை வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஸ்கோல்ஸ், விட்லமை மீண்டும் பதவியில் அமர்த்துமாறு கேட்டு எலிசபெத் அரசிக்குக் கடிதம் எழுதினார். பிரதமரை நியமிக்கும் அதிகாரம் ஆஸ்திரேலிய அரசியல் சட்டப்படி தலைமை ஆளுநரிடம் இருக்கிறது, அதில் அரசி தலையிடுவது முறையாகாது என்று அரண்மனையிலிருந்து பதில் வந்தது. ஃபிரேசர் தம் நிபந்தனைகளுக்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆட்சி நடத்தினார். டிசம்பர் 13 அன்று நடந்த தேர்தலில் கீழவையின் 127 இடங்களில் 91ஐ அவர் கூட்டணி வென்றது.